இரண்டாவது வரியையும் வாசி

தம்பி,

நீயும் மருமகளும் ஏறின விமானம் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, உன் அம்மா பசறையில் மூக்கைச் சிந்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்துவிடாதே. நான் ஒரு காரியம் செய்தேன்! பத்து நாளாகியும் அந்தச் சந்தோஷம் அடங்கவில்லை. போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். நீ நியூசிலாந்துக் குளிரைப் பற்றியும் வீட்டுச் சொந்தக்காரரின் நாயைப் பற்றியும் பேசிக்கொண்டே போனாய், நானும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் தனியாக அனுப்பாமல், நம் பக்கத்துப் பிள்ளைகள் நடத்துகிற சஞ்சிகைக்குக் கொடுத்து ஊரே வாசிக்கும்படி எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன். உன்னிடம் மட்டும் சொன்னால் "பரவால்லம்மா, விடுங்க" என்று ஒரே பேச்சில் மன்னித்துவிடுவாய். அவ்வளவு மலிவாக மன்னிப்பு வாங்க எனக்கு இஷ்டமில்லை.

மற்றவர்களுக்கும் கதை விளங்க வேண்டுமே, அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நமக்கு ஒரு கொம்யூனிகேஷன் கடை. போட்டோகொப்பி, ஸ்கேன், லெமினேட், படிவம் நிரப்புவது, இணையத்தில் விண்ணப்பம் அனுப்புவது, இவ்வளவுதான் தொழில். பதினொரு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த கை இது, பிறகுதான் கீபோர்டுக்கு வந்தது. கடைக்கு வருகிறவர்களின் பென் டிரைவிலிருந்து மாதத்துக்கு ஒரு வைரஸ் ஏறும், ஒவ்வொரு தடவையும் நான் உனக்குப் போன் பண்ணி அழுவேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு லீவுக்கு வந்தபோது பழையதையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாய். அதிலும் வேண்டியதை மட்டும்தான் போட்டிருந்தாய். "என்னடா இது, ஒன்னையும் காணோம்? பாதி வீட்டக் கட்டிப்புட்டு குடிபோகச் சொல்றியா?" என்று கேட்டேன். "ஹார்ட் டிஸ்க் சின்னதும்மா. தேவப்படுறப்ப தேவப்படுறத மட்டும் எறக்கிக்கலாம். ஒரே ஒரு வரி அடிச்சாப் போதும்" என்றாய். அந்த ஒரு வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, "என்ன வேணும், சொல்லு" என்கிற மாதிரி மினுக்கிக்கொண்டே நிற்கிற ஒரு சின்னக் கட்டம். அதைத் திறப்பது உன் வேலை, திறக்காமல் இருப்பது என் வேலை என்று பங்கு பிரித்து வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நடந்தது விளங்காது. நான் எதை ஸ்கேன் பண்ணினாலும் ஆகக் கூடின தரத்தில், முழு வர்ணத்தில்தான் பண்ணுவேன். நீ எத்தனை தடவை சிரித்திருக்கிறாய்! "ஏம்மா, கிராம சேவகர் கடுதாசியக் கல்யாணப் போட்டோ மாதிரி ஸ்கேன் பண்றீங்க?" என்று கேட்பாய். நீ சிரிக்கலாம். நான் கல்யாணமான புதிதில் அடையாள அட்டைக்குப் போனபோது, என் பிறப்புச் சான்றிதழின் நகலைத் தூக்கிப் பார்த்து "தெளிவில்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். தோட்டத்திலிருந்து மூன்று தடவை நடந்தேன், மூன்று தடவையும் அதே ஒரு சொல். ஒவ்வொரு தடவையும் காலையில் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், நின்று, அன்றைய வேலைக்கு வர முடியாது என்று கங்காணியிடம் கெஞ்சிவிட்டுத்தான் போனேன். நம் தோட்டத்துச் சனங்களில் இப்படித் திரும்பி வராதவர் யார்? அதனால் என் கடையிலிருந்து போகிற எந்தக் காகிதமும் தெளிவில்லை என்று திரும்பி வரக்கூடாது என்று வைராக்கியம் வைத்துக்கொண்டேன். சீல் சிவப்பாகத் தெரிய வேண்டும், கையெழுத்தில் மை பரவின இடம்கூடத் தெரிய வேண்டும். தெரியும், நன்றாகவே தெரியும். ஆனால் கோப்பு ஊதிப்போய் நிற்கும். இணையத்தில் விண்ணப்பம் வாங்குகிற இடங்களோ சின்னக் கோப்பைத்தான் கேட்கும். நான் உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், நீ கொழும்பில் உன் ஆபீஸில் இருந்தபடி சுருக்கித் திருப்பி அனுப்புவாய். ஐந்து வருஷம் இப்படியே ஓடியது.

போவதற்கு முந்தின வாரம் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி என் கையில் கொடுத்தாய். "நீங்க கடையில இருக்கிறப்ப நான் அங்க தூங்கப் போயிருவேன்மா. இனி நீங்களே செஞ்சுக்கலாம், கஷ்டமே இல்ல" என்றாய். நான் அதை வாங்கி, லெமினேட் உறைகளுக்குக் கீழே மேசை லாச்சிக்குள் தள்ளினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. கோபம், தம்பி! ஊரை விட்டுப் போகிற பிள்ளை கையில் கொப்பியைக் கொடுத்துவிட்டுப் போகிறானே என்று வீம்பு. உன் அப்பா கண்டுபிடித்துவிட்டார். "அந்தக் கொப்பி ஒனக்கு என்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். அவருக்கும் அன்றைக்கு நல்ல திட்டு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதுளை ஸ்டேஷனில் உங்களை ரயிலேற்றிவிட்டு வந்தோம். திங்கள் கடை திறக்கவில்லை. செவ்வாய் வீட்டில் இருக்க முடியாமல் திறந்தேன். மழையென்றால் மழை. பன்னிரண்டு மணி போல மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லெட்சுமியும் அவளுடைய மகள் தர்ஷினியும் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார்கள். ரோட்டில் மண் இறங்கியிருந்ததால் பஸ் பாதியிலேயே நின்றுவிட்டதாம், மீதியை நடந்திருக்கிறார்கள். தர்ஷினி தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அன்றைக்கு நான்கு மணியோடு இணையத்தளம் மூடிவிடும். வயசுக் கணக்கில் அவளுக்கு அதுதான் கடைசித் தடவை. "இவ்வளவு நாளும் என்னாடி பண்ணினீங்க?" என்று கேட்டேன். "தொரை கடுதாசி நேத்து பொழுது எறங்கத்தாங்க அக்கா கெடச்சிச்சு" என்றாள் லெட்சுமி. தர்ஷினி தோட்டத்தில் வசிக்கிறாள் என்று தோட்டத்து மெனேஜரான துரை கையெழுத்திட வேண்டிய கடிதம் அது. அதை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மற்ற எதையும் கொண்டுவரவில்லை. போன மாதமே நான் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தேன் அல்லவா! "மழையில அசல் நனைஞ்சிட்டா அப்புறம் வேற எடுக்க முடியுமாங்க? அதான் அக்காகிட்டதான் எல்லாம் இருக்கேன்னு விட்டுட்டு வந்துட்டோம்" என்றாள். என்னை நம்பி வந்திருக்கிறார்கள்.

படிவத்தை நிரப்பி முடிக்க ஒன்றரை மணியாகிவிட்டது. கடைசியில் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக, இரண்டு எம்பிக்குள் ஏற்றச் சொல்கிறது. துரையின் கடிதத்தையும் ஸ்கேன் பண்ணி, எல்லாப் பக்கங்களையும் ஒட்டி எடுத்த என் கோப்பு முப்பத்தெட்டு எம்பி. ஏற்றினேன், திருப்பித் தள்ளியது. மறுபடி ஏற்றினேன், மறுபடி தள்ளியது. குறைந்த தரத்தில் திரும்ப ஸ்கேன் பண்ணலாம் என்றால் அசல்கள் மலைக்கு மேலே லயத்து வீட்டில் இருக்கின்றன. தெருக்கோடிக் கடைக்காரருக்குப் போன் பண்ணினேன், அவர் மரண வீட்டுக்குப் போயிருக்கிறார், கடை பூட்டு. பதுளைக்கு அனுப்பலாம் என்றால் அந்த ரோட்டிலும் மண் இறங்கி ஒருபக்கமாகத்தான் வாகனம் விடுகிறார்களாம். கை தானாகப் போனை எடுத்து உன் பெயரை அழுத்திவிட்டது. அழுத்தின பிறகுதான் ஞாபகம் வந்தது, நீ ஆகாயத்தில் இருக்கிறாய்.

லாச்சியை இழுத்து, உறைகளையெல்லாம் தரையில் கொட்டி, உன் கொப்பியை எடுத்தேன். "பெரிய கோப்பைச் சிறிதாக்க" என்று நீ கோடு போட்டு எழுதியிருந்த பக்கம் கிடைத்தது. ஆண்டவனே, எவ்வளவு நீள வரி! கறுப்புத் திரையைத் திறந்தேன். தர்ஷினி எழுத்து எழுத்தாக வாசிக்க, நான் ஒரு விரலால் தட்டினேன். முடித்து என்டரை அழுத்தினேன். உடனே பதில் வந்தது. நான் கேட்ட கட்டளை கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. "நாளைக்கு வாங்க, தம்பிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்ற பேச்சு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல என்பதுதான் விஷயம்.

இப்போது அந்தக் குற்றத்தைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பவானி என்று ஒரு பிள்ளை, இதே தாதியர் பயிற்சி விண்ணப்பத்துக்கு வந்தாள். அவளுடைய கோப்பும் இப்படித்தான் ஊதிப்போய் நின்றது. உனக்கு அனுப்பினேன், நீ பார்க்கவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. முந்தின நாளும் நீ என்னோடு சரியாகப் பேசவில்லை, "மீட்டிங்மா, அப்புறம் பேசுறேன்" என்று வெட்டிவிட்டாய். அந்தக் கோபம் எனக்குள் கனன்றுகொண்டிருந்தது. பவானியை, கடைசி நாள் எது என்றுகூடப் பார்க்காமல், "தம்பி வேலையா இருக்கான், நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டேன். அரை மணி கழித்து நீ கூப்பிட்டாய். "என்னம்மா, ஏதோ அனுப்பியிருந்தீங்க?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒன்னுமில்ல, நீ ஒன் வேலையப் பாரு" என்றேன். பவானி அப்போது இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றுகொண்டிருந்தாள். கடையிலிருந்தே தெரிந்தது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள், நீ இரண்டு நிமிஷத்தில் சுருக்கிக் கொடுத்திருப்பாய். நான் கூப்பிடவில்லை. உன்மேல் கோபம் இருந்தது, உன்னிடம் உதவி கேட்கக் கூடாது என்று இருந்தது. மறுநாள் அவள் வந்தபோது இணையத்தளம் மூடியிருந்தது. பவானி இப்போது கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். இதை அந்தச் செவ்வாய்க்கிழமை வரை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட.

அதனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு திரும்பவும் திரையைப் பார்த்தேன். தம்பி, நீ வற்புறுத்தி அந்தக் கறுப்புத் திரையைத் திறந்த ஒன்றிரண்டு தடவையும், "கிடைக்கவில்லை" என்ற பேச்சு வந்தவுடன் நான் அதோடு ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். ஆபீஸ்களில் "இல்லை" என்று சொன்னவுடன் திரும்பி நடந்து நடந்து பழகின ஜென்மம், அதற்கு மேல் வாசிக்கத் தோன்றவே தோன்றாது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கீழே பார்த்தேன். கீழே இன்னொரு வரி இருந்தது! இது இந்தக் கணினியில் இல்லை, ஆனால் இந்த வரியை அடித்தால் இறக்கிக்கொள்ளலாம் என்று, அடிக்க வேண்டிய வரியையே எழுதிக் காட்டியிருந்தது. சூடோ, ஆப்ட், இன்ஸ்டால், பிறகு கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்று ஒரு பெயர். பெயரில் பேய் இருந்தால் என்ன, இறங்கி வந்து வேலை செய்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக அது என்னைத் துரத்திவிடுகிறது என்று நினைத்திருந்தேன், அது பாவம், வழி சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது.

அந்த வரியை அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. உன் கொப்பியின் முதல் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து அடித்தால், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை! கீபோர்டைத் தட்டினேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன், மழைக்குள் கீபோர்டும் செத்துப்போயிற்று என்று தலையில் கை வைத்தேன். கொப்பியில் கடவுச்சொல்லுக்குக் கீழே சின்ன எழுத்தில், "அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, பயப்படாமல் அடித்து என்டர் பண்ணுங்கள்" என்று நீ எழுதியிருந்தாய். என் பிள்ளை, என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாய். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன், ஏற்றுக்கொண்டது. அந்தச் சொல் என்னவென்று இங்கே எழுத மாட்டேன், ஊர் வாசிக்கிற கடிதம் இது. எப்படியும் நான் மாற்றிவிட்டேன்.

உடனே இன்னொரு தடங்கல் வந்தது. வேறொரு வேலை பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால் இப்போது முடியாது என்றது. மணி இரண்டு நாற்பது. லெட்சுமி "மாரியாத்தா" என்று கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள். பழைய நானாக இருந்தால் கரண்டை நிறுத்திப் போட்டிருப்பேன். ஆனால் வாசிக்கப் பழகிவிட்டேனே, முழுவதையும் வாசித்தேன். கணினி தன்பாட்டில் ஏதோ புதுப்பித்துக்கொண்டிருக்கிறது, அது முடியும் வரை இன்னொருவர் உள்ளே வர முடியாது, அவ்வளவுதான். லயத்தில் பீலிக் குழாய்த் தண்ணிக்கு ஒருத்தி குடத்தை வைத்திருந்தால் மற்றவள் தன் குடத்தோடு நிற்க வேண்டியதுதானே? இடித்துத் தள்ளினால் இரண்டு குடமும் போகும். "நிக்கணும்டி, வேற ஒன்னும் இல்ல, நம்ம மொற வரும்" என்று லெட்சுமியிடம் சொன்னேன். உன் அப்பா எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். யாரும் குடிக்கவில்லை. பதினெட்டு நிமிஷம் நின்றோம், தம்பி. என் ஆயுளில் அவ்வளவு நீண்ட பதினெட்டு நிமிஷம் உன் பிரசவத்துக்குப் பிறகு இதுதான்.

பிறகு அடித்தேன், ஓடியது! வரி வரியாக எதை எதையோ இறக்கி, விரித்து, அடுக்கி, இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டுப் பழையபடி அந்தச் சின்னக் கட்டம் மினுக்கிக்கொண்டு நின்றது. இப்போது உன் நீள வரியை மறுபடி அடித்தோம். பிழை என்றது. "அக்கா, இந்தக் கோட்டுக்கு முன்னால ஒரு எடவெளி இருக்குங்க, நீங்க விடல" என்றாள் தர்ஷினி. திருத்தினோம். என்டரை அழுத்த எனக்குக் கை வரவில்லை, "நீ அமுக்கு" என்றேன். "நீங்களே அமுக்குங்க அக்கா, நீங்க அடிச்ச வரி" என்றாள். அழுத்தினேன். முப்பத்தெட்டு எம்பி, ஒன்றரைக்கும் கீழே வந்து நின்றது! நான் நம்பவில்லை. திறந்து, பெரிதாக்கி, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். துரையின் கையெழுத்து தெரிகிறது. கிராம சேவகரின் சீல் தெரிகிறது, சிவப்பாகவே தெரிகிறது. தெளிவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஏற்றினோம். மூன்று முப்பத்தெட்டுக்கு, விண்ணப்பம் கிடைத்தது என்று பச்சை எழுத்தில் ஒரு இலக்கத்தோடு வந்தது. தர்ஷினி கத்தின கத்தலில் எதிரே பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. லெட்சுமி என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அழுதேன், சிரித்தேன், ஆறிப்போன பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்தேன். அந்தப் பிள்ளையைத் தெரிவு செய்வார்களோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய காகிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி முடிவு சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்.

அதற்குப் பிறகு உன் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. தெரிந்த வித்தையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? கோப்புகளைச் சேர்க்க ஒன்று, பிரிக்க ஒன்று, படத்திலிருக்கிற தமிழ் எழுத்தை வாசித்து எழுத்தாகவே தருகிற ஒன்று என்று இறக்கினேன். அதற்குத் தமிழைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டுமாம், அதையும் கேட்டு வாங்கினேன்! இரண்டு எழுத்தை அடித்தால் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் புகை விட்டுக்கொண்டு ஒரு ரயில் ஓடுகிறதே, அது உனக்குத் தெரியுமா? ஒரு பிரயோசனமும் இல்லை, சும்மா ஓடுகிறது. உன் அப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இன்னொருக்கா விடு, பதுளைக்கு வரட்டும்" என்று ஆறு தடவை ஓட்டச் சொன்னார். நான்காம் நாள் என் ஆசை எல்லை மீறிப் புத்தகம் அச்சுக்கோர்க்கும் பெரிய மூட்டை ஒன்றை இழுத்துப்போட, டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒரு ஸ்கேனைக்கூடச் சேமிக்க முடியவில்லை. நீ ஏன் வேண்டியதை மட்டும் வைத்தாய் என்று அப்போதுதான் உறைத்தது. வேண்டாததை அகற்றவும் ஒரு வரி இருக்கிறது, அதையும் படித்துக்கொண்டேன். ரயிலை மட்டும் அகற்றவில்லை.

இதையெல்லாம் நினைத்துப் பார்த்தால், உங்கள் பயணப் பெட்டியில் நான் திணித்த மிளகாய்த் தூளும் கருவாடும் இரண்டு சட்டியும் ஞாபகம் வருகிறது. மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம். அங்கே கிடைக்காத ஒன்றுமில்லை, தேவைப்படும்போது வாங்கிக்கொள்வீர்கள் என்று இப்போது விளங்குகிறது. புத்திமதியும் அப்படித்தான், பெட்டி நிறையத் திணிக்கப் போவதில்லை. இரண்டே இரண்டு சொல்கிறேன். மருமகள் "ஒன்னுமில்ல" என்று சொன்னால் அதோடு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகாதே, கொஞ்சம் நில், கீழே இன்னொரு வரி இருக்கும். நான் "ஒன்னுமில்ல" என்று சொன்ன அன்றைக்குக் கீழே எவ்வளவு இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். இரண்டாவது, அவளுக்காக எல்லாவற்றையும் நீயே செய்து கொடுக்காதே. பாசம் என்று நினைத்துத்தான் செய்வாய். அந்த ஊர் பஸ்ஸையும் பாங்கையும் அவளே பிழைவிட்டுப் பழகட்டும். நீ ஊரில் இல்லாத ஒரு நாள் அவளுக்கும் வரும்.

பவானிக்குப் போன் பண்ணினேன். அவளுடைய அத்தையிடம் இலக்கம் வாங்கி, போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். "கொம்யூனிகேஷன் அக்காவா?" என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள். பிறகு, "வேற கடைக்குப் போன்னு சொல்லியிருந்தாக்கூடப் போயிருப்பேன் அக்கா. நீங்க நாளைக்குன்னு சொன்னீங்க, நான் நம்பிட்டுப் போயிட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அது அவளுடைய உரிமை. தாதியர் பயிற்சிக்கு வயசு கடந்துவிட்டது, வேறு படிப்புகளுக்கு அவளுடைய வயசுக்கு இன்னும் இடமிருக்கிறதா என்று பார்த்து எழுதுவதாகச் சொன்னேன், "பாருங்க" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிட்டால் என் மனசு சுத்தம். இந்த வேலையை நான் ஏன் ஐந்து வருஷமாகப் படிக்கவில்லை? கஷ்டம் என்பதால் அல்ல. ஒரு விரலால் ஒரு மத்தியானத்தில் படித்துவிட்டேனே! ஆபீஸில் இருக்கிற மகனைக் காரணமில்லாமல் கூப்பிட்டால் "என்னம்மா, அவசரமா?" என்று கேட்பாய். "கோப்பு பெரிசா இருக்குடா" என்று கூப்பிட்டால் ஐந்து நிமிஷம் பேசுவாய். சாப்பிட்டாயா என்று கேட்கலாம், இருமல் இருக்கிறதா என்று காது கொடுத்துப் பார்க்கலாம். அந்த ஐந்து நிமிஷம் போய்விடக் கூடாது என்றுதான் நான் தெரியாதவளாகவே இருந்தேன். கொப்பியை லாச்சிக்குள் தள்ளினதும் அதனால்தான். என்னுடைய அந்த ஆசைக்குப் பவானி விலை கொடுத்தாள்.

இனி அந்தக் காரணம் இல்லை. சுருக்க, சேர்க்க, பிரிக்க, இறக்க, அகற்ற எல்லாம் எனக்குத் தெரியும். உன்னிடம் கேட்க என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை, தம்பி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். எடுத்தவுடன் என்ன பிரச்சினை என்று கேட்காதே. ஒரு பிரச்சினையும் இருக்காது. உன் குரலைக் கேட்க வேண்டும் என்றுதான் கூப்பிட்டிருப்பேன்.

அம்மா